துண்டுத் துணியில் ஒரு பெண்

வெள்ளிக்கிழமை, இரவு.

நாவலை முடிக்க என்னால் ஆகாது என்று பதிப்பாளரிடம் இன்று சொல்லிவிடுவதாக இருந்தேன். அம்மா போனதிலிருந்து ஒரு வரியும் உருப்படியாக வரவில்லை. கதையில் மேரி, கணவனோடு சண்டை போட்டுக்கொண்டு ராயபுரம் ஸ்டேஷனில் வந்து உட்கார்ந்தவள், மாதக்கணக்காக அங்கேயே உட்கார்ந்திருக்கிறாள். அவளை வீட்டுக்குத் திரும்ப வைத்து எழுதி எழுதி அடித்துவிட்டேன்.

மதியம் தோழி நூர்ஜகானின் தையல் கடைக்குப் போனேன். என் முகத்தைப் பார்த்ததுமே வெட்டுத் துணி மூட்டையையும் பசையையும் என் பக்கம் தள்ளினாள்.

"கதைய வுடுடி. இந்த அட்டைல எதனா ஒட்டிகினு இரு. நல்லா இல்லன்னா கடாசிடலாம்."

மறுக்கக்கூடத் தெம்பில்லை. நீலத் துணியைக் கடலாக ஒட்டினேன். சாம்பல் துணியில் பாறைகள். பாறைமேல் மஞ்சள் துண்டில் ஒரு பெண். கையெல்லாம் பசை. வெகுநேரம் எதையும் யோசிக்கவில்லை.

நூர்ஜகான் எட்டிப் பார்த்தாள். "இவ இன்னாத்துக்கு முதுக காட்டிகினு நிக்கிறா? வூட்டுக்குப் போவலியா?"

"போவ மாட்டா. அங்க அவளுக்குப் பேச யாருமில்ல."

சொன்ன பிறகுதான் மேரியைச் சொல்கிறேன் என்று புரிந்தது. என்னையும்தான் போல. நூர்ஜகான் என்னை டீ வாங்கி வரச் சொன்னாள்.

பதிப்பாளருக்குப் போன் செய்யவில்லை. சாப்பிட்டுவிட்டு ஒரு பத்தி எழுதினேன். மேரி எண்ணூர் பக்கம் போகும் ரயிலில் ஏறிவிட்டாள். நன்றாக வந்திருக்கிறதா, தெரியவில்லை. கண் சொருகுகிறது. ஜன்னலோரம் இடம் கிடைத்திருக்கிறது அவளுக்கு, இன்றைக்கு அது போதும்.