ரோந்துக் கணக்கில் தம்பி

மார்ச் 3
காலையிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. குற்றம் செய்யக்கூடியவர்கள் என்று கணினி கணித்துத் தரும் பெயர்களைப் பார்த்து மேலே அனுப்புவதுதான் காவல் அலுவலகத்தில் கான்ஸ்டபிளான என் வேலை. இன்றைய பட்டியலில் முதல் பெயர் என் தம்பி. பஞ்சர் ஒட்டுகிறவன்! எறும்பை மிதித்தால்கூட இரண்டு நாள் புலம்புவான்.

வேறு யாரோ என்று படத்தைத் திறந்தேன். அதே கோணல் சிரிப்பு.

மார்ச் 4
அனுப்பாமல் வைத்திருந்தேன். பிரயோஜனமில்லை, சாயங்காலமானால் தானாகவே போய்விடுமாம். அவன் கடைப் பக்கம் பைக்குகள் திருடு போயிருக்கின்றன. இன்று அவனைக் கூட்டிப்போய்விட்டார்கள். அவன் மனைவி போனில் அழுகிறாள்: "அண்ணி, நீங்க அங்கதானே இருக்கீங்க?"

அங்கேதான் இருக்கிறேன். அதுதான் வயிற்றெரிச்சல்.

மேலதிகாரி மேடத்திடம் சொல்லிப் பார்த்தேன். "கூடப் பிறந்தவன்னா எல்லாருக்கும் தங்கம்தான்மா. கணினிக்குச் சொந்தம் கிந்தம் கிடையாது" என்றார்.

மார்ச் 5
ஏன் அவன்? கணிப்பைப் பிரித்துப் பார்த்தேன். ரோந்துப் போலீஸ் அவனைத் திரும்பத் திரும்ப விசாரித்ததாகப் பதிவு. அவ்வளவுதான் காரணம். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே?

லாக்கப்பில் கேட்டேன். சிரிக்கிறான், கிறுக்கன்! "விசாரணையெல்லாம் இல்லக்கா. ரோந்து அண்ணன் நிழலுக்குத்தான் வருவாரு. தினமும் இத்தனை பேரை விசாரிச்சோம்னு டேப்லெட்ல காட்டணுமாம். ஆள் குறைஞ்சா நான்தான் சொல்வேன், என் போன் நம்பரைப் போட்டுக்கோங்கண்ணே, வெயில்ல ஏன் அலையறீங்கன்னு."

அடப்பாவி. உபகாரம் பண்ணி உள்ளே போயிருக்கிறான்.

மார்ச் 6
ரோந்து அண்ணனைப் பிடித்தேன். முகம் செத்துவிட்டது அவருக்கு. "தங்கமான பையன்மா. ஆனா பொய்க்கணக்குன்னு நான் ஒத்துக்கிட்டா வேலை போயிடும். ரிட்டயர் ஆகப்போற நேரம்."

"அவனுக்கு என்ன போகும்னு யோசிச்சீங்களா?" கத்தியே விட்டேன்.

அவரை மட்டும் திட்டி என்ன? தினமும் எத்தனை பெயர்களை அனுப்புகிறேன் — எல்லாரும் யாருக்கோ தம்பிதானே? இதற்கு முன் ஒரு படத்தையாவது திறந்தேனா?

மார்ச் 7
சோறு இறங்கவில்லை.

மார்ச் 8
நடந்ததை எழுதிக் கொடுத்துவிட்டேன். "நம்ம ஆளுங்களையே காட்டிக்கொடுக்கறியா?" என்றார் மேடம். "ஆமா மேடம்." தனியாள் பேச்சு எடுபடாது என்றுதான் நினைத்தேன். அப்போது கதவருகே ரோந்து அண்ணன், தொப்பியைக் கையில் பிடித்தபடி. "அந்தப் பொண்ணு சொல்றது நிஜம்தாங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது.

மார்ச் 10
தம்பி வீடு திரும்பிவிட்டான். ரோந்து அண்ணன் சஸ்பெண்ட். எனக்கு அவருடைய ரோந்துக்கு மாற்றல். கணினிக்கு ஒன்றுமில்லை, ஜம்மென்று ஓடுகிறது. தினமும் இத்தனை பேர் என்ற உத்தரவும் அப்படியே இருக்கிறது.

மார்ச் 19
மண்டையைப் பிளக்கும் வெயில். இன்றைய கணக்கில் ஓர் ஆள் பாக்கி. தம்பி கடை நிழலில் ஒதுங்கினேன். டயரைக் கழற்றிக்கொண்டே கேட்கிறான்: "ஆள் குறையுதாக்கா? என் நம்பரைப் போட்டுக்கோ."

திருந்தவே மாட்டான்! முதுகில் ஒன்று வைத்தேன்.

பிறகு டேப்லெட்டைத் திறந்து, என் நம்பரைப் போட்டேன்.