தொண்டை அடைப்பான் ஊசி

மே 28, வெள்ளி

கொளுத்தும் வெயில். காலை எட்டுக்கே ஜீப் கதவைத் தொட முடியவில்லை. கடக்வாஸ்லா அணைக்குப் பின்னால் மலையில் ஏழு ஊர். மழைக்கு முன் எருமைகளுக்குத் தொண்டை அடைப்பான் தடுப்பூசி. இன்று முதல் ஊர்.

மருந்துக் கிடங்கில் இரண்டு நாளாகக் கரண்ட் இல்லையாம். குப்பிகளில் குளிர்ச்சியே இல்லை. ஒன்றைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். வெதுவெதுப்பு. சூடு பட்டால் இந்த மருந்து கெட்டுவிடும். எங்கள் பால் சங்கத்து மேலாளருக்கு போன் போட்டேன்.

"புதுசு வர மூணு வாரம் ஆகும். அதுக்குள்ள மழை வந்துடும். போடுங்க டாக்டர்."

ஊரில் விடிந்ததிலிருந்து மாடுகளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். திரும்பிப் போங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. போட்டேன். பதிவேட்டில் 'குளிர்நிலை' என்ற கட்டத்தில் 'சரி'. கீழே என் கையெழுத்து.

ஜூன் 2, புதன்

ஏழு ஊரும் முடிந்தது. முதுகு வலி. வாங்க வேண்டியது: குடை, ரப்பர் பூட்ஸ், அம்மாவுக்குத் தைலம். எல்லையில் சண்டை, அப்பாவுக்குக் குண்டுத் தொழிற்சாலையில் ஓவர்டைம். வீட்டில் என் முகத்தைக் கவனிக்க ஆளில்லை. நல்லதுதான்.

எல்லாமே கெட்டிருக்காது. சில குப்பிகளாவது.

ஜூன் 11, வெள்ளி

மழை பிடித்துக்கொண்டது. பஸ்ஸில் எல்லோருக்கும் சிரிப்பு. நான் மட்டும் ஊசி போட்டு எத்தனை நாள் என்று விரல்விட்டு எண்ணினேன்.

ஜூன் 17, வியாழன்

முதல் ஊரிலிருந்து பால் வண்டிக்காரர் மூலம் சேதி. ஹிராபாயின் எருமை. கணவன் இல்லாதவள், இரண்டே எருமை. போய்ச் சேர்வதற்குள் தொண்டை பானை மாதிரி வீங்கி, நாக்கு வெளியே. மூச்சு இழுக்கும் சத்தம் வாசல் வரை கேட்டது. நரம்பில் மருந்து ஏற்றினேன். பயனில்லை. பதினொரு மணிக்குப் போய்விட்டது.

"ஊசி போட்டதுதானே மேடம்? நான்தானே கயித்தைப் புடிச்சிருந்தேன்?"

"சில மாட்டுக்கு ஊசி வேலை செய்யாது" என்றேன்.

அவள் தலையாட்டினாள். நம்பிவிட்டாள்.

ஜூன் 18, வெள்ளி

அதே ஊரில் இன்னும் இரண்டு. மேலாளரிடம் சொன்னேன். "சேறு, அழுக்குத் தண்ணி. அப்படியே எழுதுங்க. ஊசியைப் பத்தி ஒரு வரி வேண்டாம்." மறுபடி போட மருந்து கேட்டேன். "மறுபடி போட்டா என்ன அர்த்தம்னு யோசிங்க."

என்னோடு படித்தவள் நகரத்து மாட்டாஸ்பத்திரியில் இருக்கிறாள். என்ன, ஏன் என்று கேட்காமல் குப்பிகள் கொடுத்தாள். கட்கி பஜார் மீன்கடையில் ஐஸ், தெர்மகோல் பெட்டி. மீன் வாடை.

ஜூன் 19, சனி

முதல் ஊர்க் கோயில் முன்னால் நின்று சொன்னேன். "அன்னைக்குப் போட்டது கெட்டுப்போன மருந்து. தெரிஞ்சேதான் போட்டேன்." மராத்தியில் தடுமாறித்தான் சொன்னேன். யாரும் கத்தவில்லை. ஒருவர் காறித் துப்பிவிட்டுப் போனார்.

ஹிராபாய் மீதமிருந்த எருமையை இழுத்துக்கொண்டு வந்தாள். பெட்டிக்குள் கையை விட்டு, ஐஸில் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். என் முகத்தையே பார்த்துக்கொண்டு.

"போடுங்க."

போட்டேன். நோயைத் தாங்கும் சக்தி வர இரண்டு வாரமாகும் என்றும் சொன்னேன். இனிப் பொய் வேண்டாம்.

"நேத்தே தெரியுமா உங்களுக்கு? முந்தாநாளே? என் எருமை கிடந்தப்ப?"

"தெரியும்."

"மத்த ஆறு ஊர்ல சொல்லியாச்சா?"

ஜூன் 21, திங்கள்

நேற்று ஒரு நாளில் மூன்று ஊர். இன்று ஆபீஸில் கடிதம்: விசாரணை முடியும்வரை வேலைக்கு வரக் கூடாது, ஜீப் கிடையாது. ஓட்டுநர் பாபன் சாவியை மேசையில் வைத்துவிட்டுத் தரையைப் பார்த்தார்.

அப்பா: "வேல போச்சுன்னா போவட்டும். ஊசிய எடுத்துக்கினு எங்க கெளம்பற?" சொன்னேன். சட்டையை மாட்டினார். பெட்டியை அவர்தான் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டார். இருட்டுவதற்குள் இரண்டு ஊர். சாவு இல்லை, ஒரே ஒரு காய்ச்சல்.

ஜூன் 22, செவ்வாய்

கடைசி ஊர். பாலம் முழுகி மூன்று நாள், போக்குவரத்து இல்லை. தண்ணீர் இறங்கியதும் அப்பாவும் நானும் நடந்தே ஏறினோம். ஊருக்கு வெளியிலேயே வாடை. புதிதாகத் தோண்டிய குழிகள், மேலே சுண்ணாம்பு. கொட்டகைகளில் வெறும் கயிறு.

ஒரு பெரியவர் கையில் மண்வெட்டியோடு நின்றார். நடந்ததைச் சொன்னேன். முழுக்கக் கேட்டார். எத்தனை போச்சு என்று கேட்டேன்.

"மிச்சம் எத்தனைன்னு கேளுங்க."

பதினொன்று. ஒன்பதுக்குத் தடுப்பூசி போட்டேன். இரண்டுக்கு ஏற்கெனவே காய்ச்சல்.