முடிவு மட்டும் பார்த்த படம்

தஹ்மீனாவுக்கு ஸலாம். உன் கால்வலி தேவலையா? நான் சுகம், ஆனால் கோபத்தில் இருக்கிறேன். போனில் கத்திவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன்.

வெள்ளிதோறும் நானும் நம் மகள் ஹுமைராவும் போனில் சேர்ந்து ஆடுகிற கேமை நிஜ ஆட்களை வைத்துப் படமாக எடுத்திருக்கிறார்கள். லீவில் வந்து நானே அவளைக் கூட்டிப்போகிறேன் என்று சொன்னேனா இல்லையா? உன் தம்பி யார், அவளைத் தஞ்சாவூருக்கு அழைத்துப்போய்க் காட்ட? கேட்டால், "நீங்க வர்றதுக்குள்ள படம் தியேட்டரை விட்டுப் போயிடுமுங்க" என்கிறாய். போனால் போகட்டும் என்று விட்டிருக்கக் கூடாதா?

இங்கே துபாய் தியேட்டரில் துடைப்பத்தோடு காத்து நிற்கும் எனக்கு, தினம் நாலு தடவை அதன் கடைசிக் காட்சி மட்டும் கிடைக்கிறது. காணாமல்போன அத்தா, பிள்ளைகள் இருக்கும் தன் வீட்டுக் கதவைத் தட்டுகிறார். அதோடு படம் முடிந்து விளக்கைப் போட்டுவிடுகிறார்கள். நான் பாப்கார்னைக் கூட்டுகிறேன்.

மிளகாய்ப்பொடி தீர்ந்துவிட்டது, அனுப்பு. கூடவே படத்தின் கதையை ஹுமைரா முதலிலிருந்து எழுதித் தரட்டும். கதவு தட்டுகிற இடத்தோடு நிறுத்திக்கொள்ளச் சொல். கதவைத் திறந்தது யார் என்று மட்டும் அவளாக எழுத வேண்டாம்; அதை நான் லீவில் வந்து நம் வீட்டுக் கதவைத் தட்டும்போது பார்த்துக்கொள்கிறேன்.

ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது.

சேக் தாவூது