சீட்டு இல்லாமல் சொட்டு மருந்து இல்லை

பெரியபாளையம்
10-8-1971

அன்புள்ள மாமாவுக்கு முத்தம்மாள் எழுதிக்கொள்வது. நானும் மாடும் கன்றும் சுகம். கும்மிடிப்பூண்டிச் சாப்பாடு உங்களுக்கு ஒத்துக்கொண்டதா என்று ஒரு கடிதத்திலும் எழுதுவதில்லை.

ஆடி இரண்டாம் ஞாயிறு அம்மன் கோயிலுக்கு வந்த கூட்டம், கண்வலியை ஊருக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது. தெருவில் வீட்டுக்கு இரண்டு பேர் சிவந்த கண்ணோடு இருக்கிறார்கள். நம் சொர்ணவாரி அறுப்பு முடிந்து நேற்று களத்தில் நெல் தூற்றினோம். காற்றில் ஒரு பதர் என் இடது கண்ணில் விழுந்தது. முந்தானையால் கசக்கி எடுத்தேன். காலையில் எழுந்தால் கண் கோவைப்பழமாக இருக்கிறது. பக்கத்து வீட்டுக் குப்பம்மாள் அக்கா வாசலிலேயே நின்று, "உனுக்கும் வந்துட்ச்சா? என்னைப் பாக்காதடி, அங்க திரும்பிக்கோ!" என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டாள்.

இங்கே மருந்துக் கடையில் சொட்டு மருந்து தீர்ந்து ஒரு வாரம் ஆகிறதாம். கம்பெனி டிஸ்பென்சரியின் அலமாரிச் சாவி உங்கள் இடுப்பில்தானே இருக்கிறது? கம்பவுண்டருக்கு வாழ்க்கைப்பட்டதற்கு ஒரு பாட்டிலாவது கிடைக்கக் கூடாதா? யாராவது இந்தப் பக்கம் வந்தால் கொடுத்தனுப்புங்கள்.

இப்படிக்கு,
முத்தம்மாள்

கும்மிடிப்பூண்டி
12-8-1971

முத்தம்மாளுக்கு ஆசி. உன் கடிதம் கிடைத்தது.

இங்கே தினம் நாற்பது பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள். பட்டணத்திலிருந்து சரக்கு வரவில்லை. அலமாரியில் இருப்பது ஆறே பாட்டில். டாக்டர் சீட்டு எழுதினால்தான் மருந்து, அதுவும் கம்பெனி ஆளுக்குத்தான். 'சீட்டு இல்லாமல் சொட்டு மருந்து இல்லை' என்று நானே எழுதி ஜன்னலில் ஒட்டியிருக்கிறேன். அதை எழுதிய கையால் உனக்கு ஒரு பாட்டில் எடுத்தால் நாளைக்கு யார் என்னை மதிப்பார்கள்? ஆறு வருஷத்தில் ஒரு பஞ்சுத் துண்டுகூட நான் வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை, அது உனக்கே தெரியும்.

பயப்படாதே. இது மெட்ராஸ் ஐ. மருந்து போட்டாலும் போடாவிட்டாலும் ஒரு வாரத்தில் தானாகப் போய்விடும். கொதித்து ஆறிய உப்பு நீரில் கழுவு. துண்டைத் தனியாக வைத்துக்கொள். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன்.

இப்படிக்கு,
தணிகாசலம்

பெரியபாளையம்
17-8-1971

அன்புள்ள மாமாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை வந்தீர்கள், போனீர்கள். வந்தது நீங்கள்தானா என்று முதுகைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். வாசற்படியில் உட்கார்ந்து வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டே என்னிடம் பேசினீர்கள். தட்டை நான் நடுவில் வைத்துவிட்டு நகர்ந்த பிறகு எடுத்துச் சாப்பிட்டீர்கள். "எனுக்கு வந்தா டிஸ்பென்சரிய மூடிடுவாங்க" என்றீர்கள். சரி, வேலை பெரியதுதான். ஆனால் பார்த்தால் ஒட்டாது, தொட்டால்தான் ஒட்டும் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவரும் நீங்கள்தான்.

எனக்குப் பிறகு கண்வலி வந்தவர்கள் எல்லாம் குணமாகிக் கழனிக்குப் போய்விட்டார்கள். குப்பம்மாள் அக்காவும் போகிறாள். பாவம், நந்தியாவட்டைப் பூவை இலையில் வைத்துப் படியில் போட்டுவிட்டுப் போகிறாள், அதைத்தான் கண்ணில் வைத்துக் கட்டிக்கொள்கிறேன். எனக்கு வலி கூடியிருக்கிறது. வெளிச்சம் பட்டால் ஊசி குத்துகிற மாதிரி இருக்கிறது. வலது கண்ணுக்கு ஒன்றுமில்லை.

இன்று கண்ணாடியில் பார்த்தேன். இடது கருவிழியின் மேல் அரிசி நொய் அளவு வெள்ளையாக ஏதோ இருக்கிறது. எட்டு நாளாக இந்தக் கண்ணை வேறு யாரும் பார்க்கவில்லை. மெட்ராஸ் ஐயில் இதுவும் வருமா என்று உங்கள் டாக்டரைக் கேட்டு எழுதுங்கள். எனக்குப் பயமாக இருக்கிறது மாமா.

முத்தம்மாள்

கும்மிடிப்பூண்டி
20-8-1971, பகல் இரண்டு மணி

முத்தம்மாள்,

இதை நம்மூர் தேசப்பன் கையில் கொடுத்தனுப்புகிறேன். எங்கள் கம்பெனி லாரி டிரைவர் அவன். லாரியிலேயே உன்னை ஏற்றிக்கொண்டு பட்டணத்துக் கண் ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து விடுவான். மறுபேச்சுப் பேசாமல் கிளம்பு. நான் இப்போதே ரயிலேறிப் போய் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறேன்.

உன் கடிதத்தை டாக்டர் பாக்கியநாதனிடம் படித்துக் காட்டினேன். "பதர் கீறின கண்ணுய்யா இது. புண்ணாகி சீழ் வச்சிருக்கு. மெட்ராஸ் ஐன்னு நீ எப்படிச் சொன்னே? பார்த்தியா?" என்றார். பார்க்கவில்லை என்றேன். பதர் விழுந்ததை நீ முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தாய். நான் அறுப்புச் சேதி என்று அதைத் தாண்டிப் படித்துவிட்டேன்.

இன்னொன்றும் சொன்னார். "அலமாரில ஆறு பாட்டில் இருந்துச்சே. கேட்டிருந்தா உன் சம்சாரத்துக்கு ஒரு சீட்டு எழுதித் தரமாட்டேனா?" நான் கேட்கவே இல்லை, முத்தம்மாள். கேட்பது கௌரவக் குறைவு என்று நினைத்தேன். அந்த ஆறும் புதன்கிழமையோடு தீர்ந்துவிட்டன. வாங்கிப்போனவர்கள் ஆறு பேருக்கும் மருந்து இல்லாமலே சரியாகியிருக்கும்.

கண்ணைக் கசக்காதே. பூவை எடுத்து எறி.

தணிகாசலம்

கும்மிடிப்பூண்டி
9-9-1971

முத்தம்மாளுக்கு ஆசி. நீ ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு நல்லபடியாகப் போய்ச் சேர்ந்ததைத் தேசப்பன் சொன்னான்.

சரக்கு வந்துவிட்டது. டாக்டரிடம் சீட்டு வாங்கி இரண்டு பாட்டில் அனுப்பியிருக்கிறேன். வேளைக்கு இரண்டு சொட்டு, தவறாமல் போடு. இந்த ஞாயிறும் வர முடியவில்லை. கணக்கெடுப்பு இருக்கிறது. அடுத்த ஞாயிறும் சந்தேகம்தான்.

இப்படிக்கு,
தணிகாசலம்

பெரியபாளையம்
14-9-1971

அன்புள்ள மாமாவுக்கு,

மருந்து வந்தது. போட்டுக்கொள்கிறேன். புண் ஆறிவிட்டது. இடது கண்ணில் பகலா இரவா என்று தெரிகிறது, ஆள் தெரியவில்லை. பூ விழுந்தது விழுந்ததுதான் என்று பெரிய டாக்டர் சொன்னபோது நீங்களும்தான் பக்கத்தில் நின்றீர்கள். குடம் எடுக்கும்போது கை தள்ளிப் போகிறது. பழகிவிடும் என்கிறார்கள், பழகிக்கொண்டிருக்கிறேன்.

கோபம் இல்லை என்று எழுதினால் பொய். நிறைய இருக்கிறது. நீங்கள் மருந்து தராததற்கு அல்ல. ஆறே பாட்டிலுக்கு நாற்பது பேர் நின்றால் யார் என்ன செய்வது? ஒரு தடவை திரும்பிப் பார்த்திருந்தால் ஐந்து நாள் முன்னாலேயே ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பேன்.

ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் என் கட்டில் பக்கத்திலேயே இருந்தீர்கள். மணிக்கொரு தரம் நர்சம்மாவை எழுப்பினீர்கள், கஞ்சி வாங்கிவந்தீர்கள், பெற்ற தாய் மாதிரி பார்த்துக்கொண்டீர்கள். அதை மறக்க மாட்டேன். ஆனால் கட்டு அவிழ்த்த அன்றைக்கும் தரையைப் பார்த்துத்தான் "சரியாயிடும்" என்றீர்கள். முன்பு நோய்க்குப் பயந்தீர்கள். இப்போது வெட்கம் பிடித்திருக்கிறது. உங்கள் கணக்கெடுப்பு வருஷத்துக்கு ஒரு தடவை பங்குனியில்தான் நடக்கும் என்று ஆறு வருஷம் குடித்தனம் பண்ணினவளுக்குத் தெரியாதா?

நேற்று குப்பம்மாள் அக்கா வந்து என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தாள். பார்த்துவிட்டு ஓவென்று அழுதாள். நானும் அழுதேன். பிறகு இருவரும் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்தோம்.

ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். என் எதிரில் உட்கார்ந்து, என் இரண்டு கண்ணையும் பார்த்துக்கொண்டு சாப்பிடுங்கள். அழுகை வந்தால் அழுங்கள், தடுக்க மாட்டேன். அது முடியாது என்றால் கும்மிடிப்பூண்டியிலேயே இருந்துகொள்ளுங்கள். திருப்பிக்கொண்ட முகத்துக்கு நான் இனி சோறு போடுவதாக இல்லை.

இப்படிக்கு,
உங்கள் முத்தம்மாள்