இரண்டே அடுக்கு

மார்ச் 10, திங்கள்

காலையில் லேசான பனி, ஒன்பது மணிக்கே வெயில். முந்திரிக் கொட்டகைக்கு அரை நாள் லீவு. மங்கைக்குத் தலைக்கு ஊற்றியாயிற்று. மாவுக்கட்டுக்குள் அரிப்பு. ஈர்க்குச்சியை விட்டுச் சொறிந்தேன். "அங்கிட்டு இல்லங்க, இங்கிட்டு." உத்தரவுக்கு மட்டும் குறைச்சல் இல்லை.

கந்தர்வக்கோட்டை வளைவில் வண்டியைச் சாய்த்தது நான். கால் ஒடிந்தது என் மனைவி மங்கைக்கு. வரும் சனிக்கிழமை சென்னை ஆய்வகத்தில் அவளுக்குக் காந்தம் அளக்கும் மெஷின் கிடைக்கும் நாள். விட்டால் அவள் ஆராய்ச்சிப் படிப்பு ஒரு வருடம் தள்ளிப்போகும். கூட வேலை செய்யும் பாத்திமா அங்கிருந்து போட்டோ அனுப்புகிறாள். மங்கை கட்டிலிலேயே லேப்டாப்போடு.

மார்ச் 12, புதன்

வாங்க வேண்டியது: வலி மாத்திரை, எலுமிச்சை, ரீசார்ஜ்.

மங்கை ஆராய்வது குரோமியம் அயோடைடு. காந்தப் பொருள். செல்லோ டேப்பால் உரித்து உரித்து இரண்டே அடுக்காக்க வேண்டுமாம். முடியின் கனத்தில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு. காற்றுப் பட்டால் கெட்டுவிடும், அதனால் மூடிய பெட்டிக்குள் வேலை. பாத்திமா உரித்த துண்டுகள் முந்நூறு போட்டோவில்; இரண்டடுக்கு எது என்று தேட வேண்டும். வெளிறிய துண்டுதான் மெல்லியது. பருப்பை நிறம் பார்த்துத் தரம் பிரிக்கிறவன், எனக்கா தெரியாது? பெருமையாக ஒன்றைக் காட்டினேன்.

"அது டேப்புப் பசைங்க."

சாயங்காலம் இன்னொன்று காட்டினேன். இந்த முறை சிரிக்கவில்லை. பெரிதாக்கிப் பார்த்தாள். என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். உடனே பாத்திமாவுக்குப் போன்: "இதயே மெஷின்ல வை."

மார்ச் 15, சனி

மேகமூட்டம். சோறு குழைந்துவிட்டது, என் கைவண்ணம். பதினொரு மணிக்குப் பாத்திமா: "அக்கா, காந்தம் பூஜ்யம் காட்டுது."

நான் காட்டிய துண்டு அது. எல்லாம் என்னால்.

"இருங்க," என்றாள் மங்கை. "கெட்டுப்போனாலும் பூஜ்யந்தான், நல்லா இருந்தாலும் பூஜ்யந்தான். ரெண்டு அடுக்கும் எதிரெதிரா நின்னா கழிஞ்சிரும். வெளியேருந்து காந்தத்தக் கூட்டுனா ஒரே பக்கம் திரும்பணும். திரும்புச்சுன்னா உசுரு இருக்கு."

பாத்திமாவிடம் காந்தத்தைக் கூட்டச் சொன்னாள். இருபது நிமிடம்.

"அக்கா! திரும்பிருச்சுக்கா!"

மங்கைக்கு அழுகை. எனக்கும்தான். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "அன்னைக்கு நான் மெதுவாப் போயிருக்கணும்" என்றேன். மூன்று வாரத்தில் இப்போதுதான் வாய் வந்தது.

"பஸ்ஸ விட்ருவோம், வெரசாப் போங்கன்னு முதுகுல தட்டுனது நானுல்ல."

எனக்கு அது ஞாபகமே இல்லை. அவள் தினமும் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.