நோன்பு மாதத்தில் எண்ணூறு மீட்டர்

பிப்ரவரி 20, வெள்ளி

இரண்டாம் நோன்பு. சாயங்காலப் பயிற்சியில் கடைசிச் சுற்றில் கண் இருட்டிவிட்டது. நீலாயதாட்சி டீச்சர் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "ஓடுறதுக்கு ரெண்டு மணி நேரம் முன்ன வயித்துல ஏதாவது இருக்கணும் பர்வீன். ஓடி முடிச்சு அரை மணிக்குள்ள ஏதாவது போகணும். உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான்ல பதில் சொல்லணும்?" என்றார்.

மார்ச் பத்தாம் தேதி சிவகங்கையில் விளையாட்டு விடுதித் தேர்வு. எண்ணூறு மீட்டரில் முதல் இரண்டு பேருக்குத்தான் இடம். கிடைக்காவிட்டால் ஒன்பதாம் வகுப்போடு ஓட்டத்தை நிறுத்திவிட வேண்டும் என்று அத்தா முன்பே சொல்லிவிட்டார்.

பிப்ரவரி 22, ஞாயிறு

பொய் சொல்லிவிட்டேன்.

மாதவிலக்கு நாளில் நோன்பு கிடையாது. "தொழுகை இல்லம்மா" என்றேன். அவ்வளவுதான். எனக்கு எப்போதும் தேதி முன்னே பின்னேதான் வரும், அம்மா நம்பிவிட்டாள். அடுப்படிக் கதவைச் சாத்தி இட்லியும் முட்டையும் வைத்தாள். "ஆம்பளைக கண்ணுல படாமத் தின்னுட்டுப் போ. விட்ட நோன்பையெல்லாம் பெருநாள் கழிச்சுப் பிடிச்சுரணும், எண்ணி வச்சுக்க."

முதலில் தட்டைத் தள்ளி வைத்தேன். ஆனாலும் தின்றேன். எல்லாவற்றையும் தின்றேன்.

பிப்ரவரி 26, வியாழன்

ஐந்து நாள் ஆகிவிட்டது. நேற்று என் நேரத்தில் நான்கு வினாடி குறைந்தது. டீச்சர் முதுகில் தட்டினார். அல்லாஹ் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறான்?

நாளையிலிருந்து மறுபடி நோன்பு.

மார்ச் 3, செவ்வாய்

என் வகுப்புப் பெனாசிரும் எண்ணூறு ஓடுகிறவள். நோன்பு தொடங்கியதிலிருந்து மைதானத்துப் பக்கமே வரவில்லை. விட்டுவிட்டாள் போல. சந்தோஷப்பட்டேன். எழுதவே கூசுது.

மார்ச் 8, ஞாயிறு

வந்துவிட்டது. இந்தத் தடவை நிஜமாக.

அம்மாவிடம் என்னவென்று சொல்வது? அதுக்குள்ள மறுபடியுமா என்பாள். ஹாஜிரா மாமி போன வாரம்தான், "பொட்டப் பிள்ளைய ஓட விடாதீக, வயித்துக்குள்ள எல்லாம் எடம் மாறிரும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். சொன்னால் ஓட்டம் போச்சு. சொல்லாட்டி நோன்பாளி மாதிரி நடிக்கணும். தின்னலாம்னு இருக்குற நாள்ல தின்ன முடியாது. டீச்சரிடம் சொல்லலாமா? அவர் என் அம்மாவுக்குப் போன் போடுவார்.

வயிறு வலிக்குது. யார்ட்டயும் சொல்ல முடியல.

மார்ச் 10, செவ்வாய்

ஏழாவது.

விடியுமுன் சாப்பிடும் சஹரில் ஒரு வாய்கூட இறங்கவில்லை. அரை டம்ளர் பால்தான். சுஹைல் அண்ணன் பைக்கில் கூட்டிப்போய், கூடவே நின்றான். டீச்சர் நீட்டிய வாழைப்பழத்தை அவன் முன்னால் எப்படி வாங்குவேன்? முதல் சுற்றில் நான்தான் முன்னால். இரண்டாவதில் கால் என்னுடையதாகவே இல்லை. முடித்ததும் கோட்டுக்குப் பக்கத்திலேயே வாந்தி. அண்ணன் ஓடி வந்து தண்ணீர் பாட்டிலைத் திறந்தான். "குடி. முடியாட்டி நோன்ப விடலாம்னு தெரியாதா, லூசு? காலைலயே சொல்லியிருந்தா நானே இளநி வாங்கித் தந்திருப்பேன்ல?"

பெனாசிர் இரண்டாவது. நோன்போடு.

எப்படி என்று கேட்டேன். "கஞ்சி குடிச்சு நோன்பு தொறந்துட்டு, ஒரு மணி நேரம் கழிச்சு ஓடுவேன்டி. எங்கத்தா பின்னாடியே வண்டில லைட்டப் போட்டுக்கிட்டு வருவாக. வந்துதான் சோறு. சஹர்ல முட்டை, பேரீச்சம்பழம். டீச்சர்ட்டக் கேட்டு எங்கம்மாதான் நேரத்தை மாத்துனாக. நீ கேக்கலையா?"

கேக்கல. பொய் சொல்லத் தெரிஞ்சவளுக்குக் கேக்கத் தெரியல.

மார்ச் 11, புதன்

அத்தா என் ஷூவை மாமி மகளுக்குக் கொடுக்கச் சொன்னார்.

ஏப்ரல் 2, வியாழன்

பிப்ரவரியில் விட்ட ஐந்து நோன்பும் இன்றோடு முடிந்தது, இனி பாக்கி இல்லை என்று அம்மா நினைக்கிறாள். தினமும் எனக்காக எழுந்து சோறு வடித்தாள். "சுமை இறங்குச்சுடி" என்று தலையைத் தடவினாள்.

மார்ச்சில் மாதவிலக்கோடு நோன்பாளி மாதிரி நடித்த ஐந்து நாளும் நோன்பில் சேராது. அது எனக்கு மட்டும்தான் தெரியும்; சிவகங்கையில் தண்ணீர் குடித்ததைக்கூட அண்ணன் வீட்டில் சொல்லவில்லை. நாளையிலிருந்து அவற்றைப் பிடிக்க வேண்டும். சஹர் கிடையாது, அடுப்படி விளக்கைப் போட்டால் அம்மா எழுந்துவிடுவாள். மத்தியானச் சோற்றைப் பள்ளியில் யாருக்காவது கொடுத்துவிடுவேன்.

தாங்கும் என்றுதான் நினைக்கிறேன். ஓட்டம் நின்றதிலிருந்து சாயங்காலம் பசிப்பதே இல்லை.