மையத்தோடு பேசுகிறாள்

1957 மார்ச் 12, செவ்வாய்

இந்த ராபியத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன் என்று தெரியவில்லை.

காலையில் அடுத்த தெரு சைனம்பு மௌத்தாகிவிட்டாள். கோட்டைப்பட்டினத்தில் பெண்கள் இறந்தால் அடக்கத்துக்கு முன் மையத்தைக் குளிப்பாட்டுவது எங்கள் வீட்டுப் பெண்கள்தான். கூலி கிடையாது, அல்லாவுக்காகச் செய்வது. என் மாமியார் எனக்குப் பழக்கிவிட்டார். இப்போது என் கை நடுங்குகிறது. அதனால் மருமகள் ராபியத்தை முதல்முறையாகக் கூட்டிப் போனேன்.

போனதுமே வெந்நீர் கேட்டாள். பச்சைத் தண்ணீர் போதும் என்றேன்.

"குளிருமே மாமி," என்கிறாள். மையத்துக்கா குளிரும்?

பிறகு அந்த மையத்தோடேயே பேச ஆரம்பித்துவிட்டாள். "கொஞ்சம் கையத் தூக்கிக்கிறேன் பெத்தம்மா. இந்தா, முடிஞ்சிருச்சு. சிக்கு எடுக்குறேன், வலிச்சா மன்னிச்சுக்கங்க."

கண்ணைக் காட்டினேன். கையில் கிள்ளியும் பார்த்தேன். அவள் வாயை மூடவில்லை. ஆனால் வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. அதுதான் இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

வெளியே வந்ததும், திரைக்கு அந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்த சைனம்புவின் தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள். திட்டப் போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"அக்கா, எனக்குக் காலம் வந்தா ஒங்க மருமகளையே அனுப்பி வைங்க," என்றாள்.

இத்தனை வருஷமாகக் குளிப்பாட்டுகிறேன். என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

வழியில் ராபியத்து, "நான் எதுவும் தப்பா செஞ்சுட்டேனா மாமி?" என்று கேட்டாள். நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டேன். பேசாதே என்று இனி எந்த வாயால் சொல்வது? என்னையும் ஒருநாள் இவள்தான் குளிப்பாட்ட வேண்டும். அன்றைக்கு என்னிடம் என்னென்ன சொல்லப் போகிறாளோ, பதில்கூடச் சொல்ல முடியாமல் நான் கேட்டுக்கொண்டு கிடக்க வேண்டும்.